மூன்றாம் பிறையிலிருந்து அருந்ததி வரை... கும்மிடிப்பூண்டி மொட்டை மாடியில் ஒரு பைனாகுலர் இரவு!

பங்குனி பிறந்த முதல் வாரம். சனிக்கிழமை மாலை ஆறே முக்கால் மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு தெருவில், மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார் வீட்டுக்காரம்மா. "துணியை எடுத்தாதான் மேற்கு தெரியுமாம். வாரத்துல ஒரு நாள் இந்தக் கூத்து" என்று அலுத்துக்கொண்டாலும், பாயை விரித்து வைத்திருப்பதும் அவர்தான்.

இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருக்கிறார் வீட்டுக்காரர். வயது 48. படியேறி மேலே வருபவருக்கு வயது 33. அதே மில்லில் கிரேன் ஆபரேட்டர். ஊர், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டம். எட்டு வருடங்களுக்கு முன்பு இங்கே வந்தபோது 'தண்ணி', 'சாப்பாடு', 'லீவு' என்ற மூன்று தமிழ்ச் சொற்கள்தான் தெரியுமாம். இப்போது தெருக்குழாயடிச் சண்டையில் சமாதானம் பேசும் அளவுக்குத் தேறிவிட்டார். இந்த மாடியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அண்ணா', 'தம்பி', 'அண்ணி' மட்டும்தான்.

தம்பியின் தோளில் தொங்கும் கறுப்புப் பையில் இருக்கிறது, இருவரும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கிய 10x50 பைனாகுலர். இது அவர்களுக்கு இந்த மாடியில் கடைசி சனிக்கிழமை. திங்கட்கிழமை இரவு தம்பிக்கு ஊருக்கு ரயில். ஊர்ப்பக்கமே வேலை கிடைத்துவிட்டது. ஆறு வயது மகளை இனி வீடியோ காலில் பார்க்க வேண்டியதில்லை.

பாதிப் பாதி வாங்கிய பைனாகுலர் யாருக்கு என்ற கேள்வியை இதுவரை இருவரும் வாய் திறந்து கேட்டுக்கொள்ளவில்லை.

பத்தும் ஐம்பதும்

பைனாகுலர் மீது எழுதியிருக்கும் 10x50 என்பதில், 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற கணக்கு. 50 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். வானத்தைப் பார்ப்பதற்கு முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் முக்கியம். இருட்டில் நம் கண்மணி அதிகபட்சம் 7 மில்லிமீட்டர் வரை விரியும். 50 மில்லிமீட்டர் லென்ஸின் பரப்பு அதைப்போல சுமார் ஐம்பது மடங்கு. அவ்வளவு கூடுதல் வெளிச்சம் கண்ணுக்குள் வருகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் சட்டென்று முளைப்பது அதனால்தான்.

'20 மடங்கு', '30 மடங்கு' என்று விளம்பரம் செய்யும் பைனாகுலரை வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே மடங்கு கூடித் தெரியும். பத்துக்கு மேல் போனால் ஸ்டாண்ட் இல்லாமல் முடியாது. பத்துக்கே அண்ணன் ஓர் உபாயம் வைத்திருக்கிறார். ஒட்டடைக்கம்பைத் தலைகீழாகத் தரையில் ஊன்றி, அதன் மீது பைனாகுலரைச் சாய்த்துக்கொள்கிறார். ஃபிட்டர் மூளை!

சூரியன் முழுதாக மறைந்த பிறகுதான் பையைத் திறப்பார்கள். பைனாகுலர் வழியாக ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் பார்வை போய்விடும் என்பதால், அண்ணன் மகனுக்கு அதில் கண்டிப்பான உத்தரவு.

மேற்கே மூன்றாம் பிறை. மூன்றாம் பிறையைப் பார்த்தால் நல்லது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பைனாகுலரில் பார்த்தால் இன்னும் நல்லது! வெள்ளிக் கீற்றின் உள்ஓரத்தில் பள்ளங்கள் நிழலோடு தெரிகின்றன. கீற்றைத் தவிர மீதி நிலாவும் மங்கலான சாம்பல் நிறத்தில் தெரிகிறது. அது பூமியின் வெளிச்சம். நம் கடலிலும் மேகத்திலும் பட்ட சூரிய ஒளி, நிலாவுக்குப் போய்த் திரும்பி நம் கண்ணுக்கே வருகிறது. தம்பி போனில் மகளைக் கூப்பிட்டு ஒடியாவில் ஏதோ சொல்கிறார். அங்கே அந்தக் குழந்தையும் வாசலுக்கு ஓடிவந்து அதே பிறையைப் பார்க்கிறது.

உங்க நட்சத்திரம் என்ன?

கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்ததும் பெயர், நட்சத்திரம் கேட்பார்கள். 'கார்த்திகை', 'ரோகிணி', 'திருவாதிரை' என்று யோசிக்காமல் சொல்வோம். ஆனால், அந்த நட்சத்திரத்தை வானத்தில் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவோம்?

மாசி, பங்குனி மாதங்களின் முன்னிரவு இதைக் கற்றுக்கொள்ள ஏற்ற நேரம். வடகிழக்குப் பருவமழை மேகம் போயிருக்கும். கோடையின் புழுக்க மூட்டமும் இன்னும் வந்திருக்காது. மேற்கிலிருந்து உச்சி வரை ஐந்தாறு நட்சத்திரங்கள் வரிசையாகக் கிடைக்கும்.

முதலில் மேற்கே கார்த்திகை. சங்க காலத்தில் இதை அறுமீன் என்றார்கள். சாதாரணக் கண்ணுக்கு, அதுவும் இந்த ஊர் வானத்தில், சிறிய புகைக் கொத்து மாதிரிதான் தெரிகிறது. பைனாகுலரை வைத்ததும் நீல வெள்ளையாக முப்பது, நாற்பது புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. சுமார் 440 ஒளியாண்டு தூரம்.

"எங்க ஊர்லயும் கிருத்திகாதான் அண்ணா. ரோகிணியும் ரோகிணிதான். திருவாதிரைதான் ஆர்த்ரா" என்கிறார் தம்பி. மொழி மாறினாலும் இருபத்தேழு நட்சத்திரப் பட்டியல் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

திருவாதிரை செக்கச்செவேல் என்று நிற்கிறது. ஃபர்னஸில் இரும்பு சிவக்கும் நிறத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிவப்பு என்றால் சூடு குறைவு, நீலம் கலந்த வெள்ளை என்றால் சூடு அதிகம். "நம்ம பில்லட் மாதிரியேதான்" என்று சிரிக்கிறார் அண்ணன். 2019 கடைசியில் இந்தத் திருவாதிரை திடீரென மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும் அளவுக்குப் போனது. வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பேசியது. அது தானே கக்கிய தூசு, அதன் முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

திருவாதிரைக்குக் கீழே மூன்று நட்சத்திரங்கள் ஒரே கோட்டில். அதற்கும் கீழே தொங்கும் சின்ன வரிசையின் நடுவில் பைனாகுலரை நிறுத்தினால், கண்ணாடியில் ஊதிய மூச்சுக்காற்று மாதிரி ஒரு மங்கல். நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம். இன்று நாம் பார்க்கும் அந்த வெளிச்சம் கிளம்பி 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

தெற்கே, எண்ணூர் பக்கத்து ஆரஞ்சு நிற வெளிச்சத்துக்கு மேலே ஒற்றையாக நிற்பது அகத்தியர் நட்சத்திரம். வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். லண்டனில் இருப்பவர்கள் இதை ஒருபோதும் பார்க்க முடியாது. தெற்கே வர வர மேலே ஏறும். கும்மிடிப்பூண்டியில் அதிகபட்சம் 24 டிகிரி உயரத்துக்கு வரும். கஞ்சத்தில் 18 டிகிரிதான்.

"அப்போ ஊருக்குப் போனா இது கீழ இறங்கிடும்" என்கிறார் தம்பி. அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒட்டடைக்கம்பை நகர்த்திவைக்கிறார்.

மூங்கில் குழாயும் நுங்கம்பாக்கமும்

தம்பிக்கு வானத்தில் ஆர்வம் வந்தது இங்கே அல்ல. ஒடிசாவில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர், பதானி சாமந்தா. முழுப்பெயர் சாமந்த சந்திரசேகர். 1835-ல் கண்டபடா என்ற சின்ன சமஸ்தானத்தில், அரச குடும்பத்தில் பிறந்தவர். தொலைநோக்கி வைத்து ஆராய்ந்தவர் அல்ல. மூங்கிலிலும் மரத்திலும் தானே செய்துகொண்ட கருவிகளால் கிரகங்களின் நகர்வை வருடக்கணக்கில் அளந்தார். 'சித்தாந்த தர்ப்பணம்' என்ற பெயரில் சுமார் 2,500 சம்ஸ்கிருத சுலோகங்களாக அதை ஓலைச்சுவடியில் எழுதினார். 1899-ல் அது கொல்கத்தாவில் அச்சானது. 1904-ல் அவர் இறந்தார். புவனேஸ்வரத்தில் இருக்கும் கோளரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

"எங்க வாத்தியார் மூங்கில் குச்சியில அந்தக் கருவி மாதிரி செஞ்சு காட்டினாரு. தென்னை மரத்தோட உயரத்தை ஏறாமலே அளந்தோம்" என்று தம்பி சொன்னபோது, அண்ணனுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்ததாம். நம்ம ஊரில் அப்படி யாரும் இல்லையா என்று தேடியிருக்கிறார். கிடைத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானிலை ஆய்வகம் அல்ல, வான் ஆய்வகமே கட்டப்பட்டது. தமிழும் தெலுங்கும் பொறித்த அதன் கருங்கல் தூண் அங்கே இன்னும் இருக்கிறது. அந்த ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். தெற்கு வானில் தாழ்வாக இருப்பதால் ஐரோப்பிய ஆய்வகங்களின் கண்ணில் படாத நட்சத்திரம் அது. 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர்.

இந்த இருவரும் சந்தித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. ஆனால், இருவரையும் சேர்க்கும் ஒரு நாள் இருக்கிறது. 1874 டிசம்பர் 9. அன்று சூரியனின் முகத்துக்குக் குறுக்கே வெள்ளி கிரகம் ஒரு கறுப்புப் பொட்டாக நகர்ந்துபோனது. அதற்கு முன்பே ரகுநாதாச்சாரி, வரப்போகும் அந்த நிகழ்ச்சியைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி உரையாடல் வடிவத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். பல இந்திய மொழிகளில் அது வந்தது. அதே நிகழ்ச்சியைப் பதானி சாமந்தா தன் சித்தாந்த தர்ப்பணத்தில் 'சுக்கிரனால் வந்த சூரிய கிரகணம்' என்று குறித்துவைத்தார். சூரியனின் அகலத்தில் 32-ல் ஒரு பங்காக வெள்ளி தெரிந்தது என்று அளவும் சொன்னார். ஒருவர் சென்னையில், அரசு ஆய்வகத்தின் தொலைநோக்கிகளோடு. மற்றவர் ஒடிசாவின் காட்டோர ஊரில், மூங்கிலோடு.

2004, 2012-ம் ஆண்டுகளில் வந்த வெள்ளிக் கடப்பு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அடுத்தது 2117-ல்தான்.

கரன்ட் கட்... கைத்தட்டல்!

எட்டே முக்கால் மணிக்கு அது நடந்தது. தெருவே இருண்டது. கீழே எல்லா வீடுகளிலிருந்தும் "ஐயோ" என்று சத்தம். சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கோபம் தனியாகக் கேட்டது. மாடியில் மட்டும் கைத்தட்டல்.

தெருமுனையில் ஹைமாஸ்ட் விளக்கு வந்ததிலிருந்து இவர்களுக்குக் கிழக்கு வானம் பாதி போய்விட்டது. "ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி நடந்து வர்ற பொம்பளைங்களுக்கு அந்த லைட் வேணும். அதை வேணாம்னு சொல்ல முடியுமா? கீழ பார்த்து எரிஞ்சா போதும்னுதான் கேக்குறேன்" என்கிறார் அண்ணன். அவர் கேட்பது நியாயம்தான். மேலே தொப்பி போட்ட மாதிரி மறைப்பு வைத்து, வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்பும் விளக்குகள் உலகம் முழுக்க இருக்கின்றன. லடாக்கில் ஹான்லே பகுதியை 2022-ல் இருள்வான் காப்பகமாக அறிவித்த பிறகு, அங்கே வீட்டு ஜன்னலுக்குத் திரை போடுவதும் விளக்குக்கு மறைப்பு வைப்பதும் கிராம மக்களின் வேலையாகிவிட்டது. சிப்காட்டை ஹான்லே ஆக்க முடியாது. தொழிற்சாலைகளின் வெளிச்சம் கரன்ட் கட்டிலும் வடக்கே அணையவில்லை. ஆனாலும் தலைக்கு மேலே வானம் ஒரு படி கறுத்தது.

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் கணக்கு முதலிலிருந்து. அண்ணன் மகன் டார்ச் மீது சிவப்பு கலர் பேப்பரை ஒட்டி வைத்திருக்கிறான். சிவப்பு வெளிச்சம் கண்ணின் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

அடுப்படியில் வேலை இல்லாமல் போனதால் அண்ணியும் சுண்டல் கிண்ணத்தோடு மேலே வந்துவிட்டார். "என் நட்சத்திரம் பூசம். அதைக் காட்டுங்க பார்ப்போம்" என்றார், சவால் விடும் குரலில்.

பூசம் கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். கடகத்தில் இருக்கும் மங்கல் நட்சத்திரங்கள். ஆனால், அந்த நேரத்தில் அது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. அவரைப் பாயில் படுக்கவைத்து, புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்கும் மகத்துக்கும் நடுவே எங்கே பார்க்க வேண்டும் என்று தம்பி சொல்லிக்கொடுத்தார்.

"ஒண்ணுமே இல்லையே... எங்க... இரு, இரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏய்... கோலப்பொடி கொட்டின மாதிரி இருக்கு!"

பூசத்தின் நடுவில் இருக்கும் அந்த நட்சத்திரக் கூட்டத்தை 1610-ல் கலிலியோ தன் தொலைநோக்கியில் பார்த்து, ஒன்றாகத் தெரிந்த மங்கலில் நாற்பதுக்கும் மேல் நட்சத்திரங்கள் இருப்பதாக எழுதினார். அண்ணியும் எண்ண ஆரம்பித்து, இருபத்து இரண்டில் கை வலித்து நிறுத்தினார். "நாப்பத்து மூணு வருஷமா அர்ச்சனைக்குச் சொல்லிட்டு இருக்கேன். இன்னைக்குத்தான் பார்க்குறேன்" என்றவர், சுண்டலை மறந்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் கரன்ட் வந்துவிட்டது. கீழே கைத்தட்டல்!

வீட்டிலிருந்தே என்ன பெரிதாகக் கண்டுபிடித்துவிட முடியும் என்று நினைப்பவர்களுக்கு, இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்காக் நல்ல பதில். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் இடங்களை மனப்பாடமாக வைத்திருந்தார். 1983 மே மாதம், வீட்டுக்குள் நின்று, மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாகப் பைனாகுலரில் பார்த்தபோது, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மங்கல் இருந்தது. வால்நட்சத்திரம்! ஒரு செயற்கைக்கோளும், ஜப்பானைச் சேர்ந்த ஒருவரும் அதையே கண்டுபிடித்ததால், மூவர் பெயரையும் சேர்த்து ஐராஸ்-அராக்கி-ஆல்காக் என்று பெயர் வைத்தார்கள்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு காட்சி உண்டு. வடக்கே, நாற்பது கிலோமீட்டருக்குள் ஸ்ரீஹரிகோட்டா. 2024 டிசம்பர் 30-ம் தேதி இரவு பத்து மணிக்கு, விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்களை இணைக்கும் ஸ்பேடெக்ஸ் திட்டத்துக்காக பி.எஸ்.எல்.வி கிளம்பியபோது இருவரும் இந்த மாடியில்தான் இருந்தார்கள். ஒலி ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். இங்கே வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். "ராக்கெட் மேல போய் புள்ளியாயிடும். அப்புறம்தான் உறுமல் வரும். ஃபர்ஸ்ட் டைம் லாரினு நெனச்சேன்" என்கிறார் தம்பி.

அம்மி மிதித்து...

பத்து மணி. வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் எழுந்துவிட்டது. அதன் வால்பகுதியில் நடுவில் இருப்பது வசிஷ்டர். ஒட்டிக்கொண்டு மங்கலாக இருப்பது அருந்ததி. நல்ல இருட்டில் கண்ணுக்கே தெரியும். இங்கே பைனாகுலர்தான் கதி. இரண்டும் தனித்தனியாக, நடுவில் இன்னொரு குட்டி நட்சத்திரத்தோடு பளிச்சென்று தெரிந்தன.

"நம்ம கல்யாணத்துல ஐயர் கையைக் காட்டி 'தெரியுதா'ன்னு கேட்டாரே... காலையில ஒன்பது மணி. நீங்களும் 'தெரியுது'ன்னு தலையாட்டுனீங்க" என்று அண்ணி பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும்?"

"நானும்தான் ஆட்டினேன்."

சப்தரிஷியின் முன்பக்க இரண்டு நட்சத்திரங்களைக் கோடு போட்டு நீட்டினால் துருவ நட்சத்திரம். ஒரு இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, அங்கே துருவ நட்சத்திரத்தின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ஒரு விரல் அகலம் சுமார் 2 டிகிரி. கும்மிடிப்பூண்டியில் 13 டிகிரி என்பதால், ஒரு முஷ்டி, ஒன்றரை விரல். மில் புகை மூட்டத்தில் அதைக் கண்டுபிடிக்க மட்டும் இருவருக்கும் பத்து நிமிடம் ஆனது.

தம்பி மறுபடி வீட்டுக்கு போன் போட்டார். மகள் தூங்கவில்லை. மனைவி அவளை மாடிக்குத் தூக்கிப்போனார். ஸ்பீக்கரில் ஒடியாவில் சின்னக் குரல் எண்ணியது.

"ரெண்டு முஷ்டியாம் அண்ணா" என்றார் தம்பி. பிறகு, "அவ கை சின்னது. ஆனா கையோட நீளமும் சின்னதுதானே, கணக்கு சரியா வந்துடும்" என்று தானே விளக்கமும் சொன்னார். கஞ்சத்தின் அட்சரேகை சுமார் பத்தொன்பதரை. குழந்தையின் கணக்கு சரி.

பைனாகுலர் விஷயத்தை அண்ணிதான் உடைத்தார். "தம்பி எடுத்துட்டுப் போகட்டும். புள்ளை பார்க்கும்ல?"

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தன் ஊர் இருட்டானது, வெறும் கண்ணுக்கே நிறையத் தெரியும், இந்த மாடிக்குத்தான் அது தேவை என்பது அவர் வாதம். ஊருக்குப் போய் முதல் சம்பளத்தில் வேறு வாங்கிக்கொள்வாராம். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடலோரக் காற்று, லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஷூ டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். நாலு பொட்டலத்தை உள்ளே போட்டு, பையின் ஜிப்பை மூடி, தம்பியின் பக்கத்தில் வைத்தார்.

"என் பாதி காசை அப்புறம் குடு" என்றார்.

திங்கட்கிழமை மாலை, தம்பி லோக்கல் ரயில் பிடித்து சென்ட்ரலுக்குப் போனார். ஒடிசா போகும் எக்ஸ்பிரஸ் கும்மிடிப்பூண்டியில் நிற்காது. தெற்கே ஒன்றரை மணி நேரம் போய் ஏறினால், அதே ரயில் திரும்பவும் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் வடக்கே போகும். செகண்ட் ஷிப்டை மாற்றிக்கொண்டு அண்ணன் அன்றைக்கு வீட்டில் இருந்தார். ரயில் கடக்கும் நேரத்துக்கு மாடியில், கையில் சிவப்பு பேப்பர் ஒட்டிய டார்ச்.

"அண்ணா, ஜன்னல்லேர்ந்து தெரிஞ்சுது" என்று கூடூர் தாண்டும்போது போன் வந்தது.